தெரிவுக்குழு அனுப்பிய தந்தி

என் பெயரில் அச்சான செய்திகளை வெட்டி ஒட்டிய கொப்பிகள் பதினொன்று வைத்திருக்கிறேன். முதற்பக்கத்தில் வந்த என் முதலாவது செய்தி அவற்றில் இல்லை. அதை நான் ஒட்டவில்லை. மன்னாரிலிருந்து இப்போது செய்தி அனுப்பும் உங்களில் சிலர் அதைப் பற்றி அரைகுறையாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். போன மாதம் ஒரு பிள்ளை நேராகவே கேட்டாள்: “ஐயா, கிரிக்கெட் விசயத்தில நீங்கள் கொழும்புப் பக்கம் சாய்ஞ்சிட்டீங்களாம், உண்மையோ?” அவள் அப்படிக் கேட்டது எனக்குப் பிடித்தது. ஒருவரிடம் நேராகக் கேட்காமல் விட்டதால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

நாட்டுக்கு டெஸ்ட் ஆடும் தகுதி கிடைத்த புதிது. பலமான வெளிநாட்டு அணியொன்று வரவிருந்தது. மன்னார் அன்றைக்கும் உதைபந்தாட்ட ஊர்தான். இருந்தாலும் அந்த மாதம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணீர்க் கடையில் வேறு பேச்சில்லை. தொடக்கத் துடுப்பாட்டத்துக்கு யார், விக்கெட் காப்பாளர் யார் என்பதெல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். மூன்றாவது வேகப்பந்து வீச்சாளர் யார் என்பதில்தான் சண்டை. காரணம், அந்த இடத்துக்குப் பேசப்பட்ட பெயர்களில் ஒன்று எங்கள் பள்ளிமுனைப் பிலேந்திரனுடையது.

பிலேந்திரன் என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். கச்சேரியில், அதாவது மாவட்ட அரச செயலகத்தில், எழுதுவினைஞர். அதற்கு முன் கொழும்பில் ஒரு கம்பனியில் வேலைபார்த்து, அந்தக் கம்பனி அணிக்கு ஆடிப் பெயரெடுத்தவர். தமிழருக்கெதிரான கலவரத்தோடு வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தவர், பிறகு கொழும்புப் பக்கம் போகவேயில்லை. ஆனால் கொழும்பிலிருந்து ஒரு நல்ல அணி யாழ்ப்பாணத்துக்கு வந்து ஆடியபோது ஏழு பேரைத் தனியாக வீழ்த்தினார். அதில் இருவர் நாட்டு அணியின் ஆட்கள். அன்றிலிருந்து தமிழ்ப் பத்திரிகைகளோடு ஒன்றிரண்டு ஆங்கிலப் பத்திரிகைகளும் அவரைப் பார்க்கும்படி தெரிவுக்குழுவுக்கு எழுதின.

“அது பாய் விரிச்ச பிச். அந்த விக்கெட்டுகளைக் கொழும்பான் கணக்கில எடுக்க மாட்டான்” என்பார் கச்சேரிக்காரர் ஒருவர்.

மீன் சந்தையில் வியாபாரம் செய்த நிஸார் நானா விடமாட்டார். “ஏன், அவுட்டானவங்களும் அதே பாயிலதானே நிண்டவங்கள்? இவரை எடுக்கேல்லையெண்டா அது நாட்டு டீம் இல்லை. அவ்வளவுதான்.”

பட்டியலை ஒரு மத்தியானச் செய்தியில் வாசித்தார்கள். கடையில் தேத்தண்ணீர் ஆற்றுகிற சத்தம்கூட நின்றுபோனது. பதினாறு பெயர்கள். பிலேந்திரனுடைய பெயர் இல்லை. நிஸார் நானா எழுந்து ரேடியோவை நிற்பாட்டினார். “நான் சொல்லேல்லையா?” என்றார். மறுக்க என்ன இருந்தது? கந்தோரில், படிப்பில், வேலையில் எங்களுக்கு எதைத் தந்தார்கள், அணியில் இடம் தர? எல்லார் மனதிலும் ஏற்கெனவே எழுதியிருந்த செய்தியை ரேடியோ வாசித்தது போலத்தான் இருந்தது.

ஒரு மணித்தியாலத்துக்குள் பத்திரிகையின் தலைமைக் கந்தோரிலிருந்து ட்ரங்க் கோல் வந்தது. செய்தி ஆசிரியர்தான் பேசினார். அவர் பெயரைச் சொல்லமாட்டேன். எனக்கு வசனம் எழுதப் பழக்கியவர் அவர்தான்.

“தம்பி, ஆளிட்டைப் போய் ரெண்டு வசனம் வாங்கு. பின்னேரம் நாலு மணிக்கு முன்னம் எனக்கு வேணும். முதல் பக்கம்.”

முதல் பக்கம் என்ற சொல் ஒரு இளம் நிருபரை என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு கச்சேரிக்குப் பறந்தேன். பிலேந்திரன் கோப்புகளுக்கு நடுவே குனிந்திருந்தார். என்னைக் கண்டதும் பேனையை மூடினார்.

“ஏன் உங்களைக் கூப்பிடேல்லை எண்டு நினைக்கிறியள், அண்ணை?” என்று கேட்டேன்.

அவர் திறந்திருந்த கோப்பை மூடி வைத்தார். “அதை அவையளிட்டைத்தான் கேக்க வேணும்.”

“தமிழர் எண்டபடியாலதானோ?”

“தம்பி, நான் ஒண்டும் சொல்லேல்லை. இதை எழுதாமல் விட்டால் நல்லது.”

அவர் அரசாங்க உத்தியோகத்துக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. பயந்தவருக்காக நான் பேசுகிறேன் அல்லவா? ‘அதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும்: மனம் நொந்த வேகப்பந்து வீச்சாளர்’ என்று அடுத்த நாள் முதற்பக்கத்தில் வந்தது. கடையில் என்னிடம் அன்றைக்குத் தேத்தண்ணீர்க் காசு வாங்கவில்லை.

என்னுடைய கேள்வியை இன்னொரு தரம் படித்துப் பாருங்கள். ‘ஏன் உங்களைக் கூப்பிடவில்லை?’ கூப்பிட்டார்களா என்று நான் கேட்கவேயில்லை. விடையை நானே கேள்விக்குள் வைத்துக்கொண்டு போயிருந்தேன்.

மூன்றாம் நாள் தெரிவுக்குழுவின் மறுப்பு வந்தது. பட்டியல் போடுவதற்கு முன், வலைப் பயிற்சிக்கு வரும்படி பிலேந்திரனுக்குத் தந்தி அனுப்பினோம். அவர் வரவும் இல்லை, பதில் போடவும் இல்லை என்றிருந்தது. அடுத்த நாள் வேறு பத்திரிகைகளில் வாசகர் கடிதங்கள் தொடங்கின. நாட்டுக்காக ஆட மறுத்தவன் என்று ஒருவர் எழுதினார். இது திட்டமிட்ட பகிஷ்கரிப்பு, பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள் என்று இன்னொருவர்.

நான் ஒரு வரியையும் நம்பவில்லை. தந்தி அனுப்பியதாகச் சொல்வது பொய், அல்லது வேண்டுமென்றே பிந்தி அனுப்பியிருப்பார்கள். அதை நிரூபிக்கத் தபால் கந்தோருக்குப் போனேன். தந்திப் பகுதியில் பொறுப்பாக இருந்தவர் புனிதம் அக்கா. நெற்றி சுருங்காமல் அவர் யாரோடும் பேசி நான் கண்டதில்லை.

“அக்கா, போன மாதம் பிலேந்திரன் அண்ணைக்குத் தந்தி ஏதும் வந்ததோ?”

“ஆருக்குத் தந்தி வந்தது எண்டு இன்னொராளுக்குச் சொல்ல ஏலாது.”

“வரேல்லை எண்டாவது சொல்லலாமே.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “இந்தக் கந்தோருக்கு வந்த தந்தி ஒண்டும் குடுபடாமல் கிடந்ததில்லை. அதை வேணுமெண்டால் எழுதும்.”

வெளியே வந்து கழுதைகள் படுத்திருந்த மர நிழலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வரவில்லை என்று அவர் சொல்லவில்லை; அப்படியென்றால் தந்தி வந்திருக்கிறது. வந்ததென்றால் கொடுபட்டிருக்கிறது. யார் கையெழுத்து வைத்து வாங்கியது? ஊர் விளையாட்டுக் கழகத் தலைவரில் சந்தேகம் வந்தது. நல்ல பந்துவீச்சாளரை விட மனமில்லாமல் மறைத்திருப்பாரோ? தபால்காரனில் சந்தேகம் வந்தது. கச்சேரியில் கூட வேலைசெய்பவர்களிலும் வந்தது. அன்று பகல் முழுக்க ஊரில் பாதிப் பேரை மனதுக்குள் விசாரித்துவிட்டேன். விசாரிக்க வேண்டிய ஒரே ஆள் பக்கம் மட்டும் என் மனம் போகவில்லை.

அதற்குள் பொலிசார் கச்சேரிக்குப் போய்விட்டார்கள். சீருடை இல்லாமல் இரண்டு பேர். ஏன் போகவில்லை, யார் போகவேண்டாம் என்று சொன்னது, ஆயுத இயக்கப் பெடியள் யாரையும் தெரியுமா என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டிருக்கிறார்கள். திரும்ப வருவோம் என்று சொல்லிப் போயிருக்கிறார்கள். அந்த நாளில் அந்த வசனத்துக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் வயதுக்காரருக்குத் தெரியும்.

பள்ளிமுனையில் அவர் வீட்டுக்குப் போனேன். மனைவி றீற்றா வாசலிலேயே நின்றார். “தம்பி, நீங்கள் எழுதினது காணும். இனியும் என்ன வேணும்?”

“அக்கா, ஒரே ஒரு கேள்வி.”

உள்ளேயிருந்து பிலேந்திரனின் குரல் வந்தது. “விடும், வரட்டும்.”

கதிரையில் இருக்காமலே கேட்டேன். “தந்தி உங்களுக்குக் கிடைச்சதோ?”

“ஓம்.” அலுமாரியைத் திறந்து, மடித்த தாளொன்றை எடுத்து என் கையில் தந்தார். “நான்தான் கையெழுத்து வைச்சு வாங்கினனான்.”

எனக்குக் கோபம் வந்தது. என்னை ஏமாற்றிவிட்டார் என்ற கோபம். “அப்ப ஏன் அண்ணை போகேல்லை?”

றீற்றா அக்கா குசினிக்குள் போய்விட்டார். பிலேந்திரன் கதிரையில் இருந்து, முழங்கால்களைக் கைகளால் பிடித்துக்கொண்டு சொன்னார்.

கலவர நேரத்தில் கொழும்பிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தார். நடுவழியில் ஒரு ஸ்டேஷனில் ரயிலை மறித்தார்கள். அந்த ஸ்டேஷன் பெயரை அவர் சொன்னார், நான் எழுதமாட்டேன். பெட்டிக்குள் ஏறி ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

“எனக்குச் சிங்களம் வடிவா வரும். என்ர பையைத் திறந்து பாத்திட்டு, கிரிக்கெட் ஆடிறனியோ, பேர் என்ன எண்டு கேட்டாங்கள். எங்கட கம்பனி டீமில ஆடின ஒரு சிங்களப் பெடியன்ர பேரைச் சொன்னனான். என்ர முதுகில தட்டினாங்கள், தம்பி. நல்லா ஆடு எண்டு சொன்னாங்கள். எனக்கு முன்னால ஒரு ஐயா இருந்தவர். வழி நெடுக என்னோட தமிழில கதைச்சுக்கொண்டு வந்த மனுசன். அவருக்குச் சிங்களம் வராது. அவரை ரயிலால கீழ இறக்கேக்குள்ள என்னைத்தான் பாத்தவர். நான் யன்னலுக்கு வெளியால பாத்துக்கொண்டிருந்தன்.”

அவர் முழங்கால்களை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“அதுக்குப் பிறகு நான் ரயில் ஏறினதில்லை. தந்தியை மடிச்சு அலுமாரிக்குள்ள வைச்சிட்டன். என்ர பேரை நான் ஒரு தரம் இல்லையெண்டு சொன்னவன். அந்தப் பேரை ரேடியோவில வாசிக்கப் போறாங்கள், சனம் கை தட்டப் போகுது. அதை என்னால நினைச்சுப் பாக்க ஏலாமல் கிடந்தது. எடுக்காமல் விட்டிட்டாங்கள் எண்டு ஊர் சொல்லேக்குள்ள, உண்மையைச் சொல்லிறன், எனக்குச் சுகமா இருந்தது. நீர் வந்து கேட்டபோதும் அதாலதான் வாயைத் திறக்கேல்லை.”

பின்னேரம் செய்தி ஆசிரியர் மறுபடி கோல் எடுத்தார். தந்தி கிடைத்தது உண்மை என்று மட்டும் சொன்னேன். அவர் யோசிக்கக்கூட இல்லை.

“தபால் கந்தோர் துலைச்சிட்டுது எண்டு எழுது. எங்கட செய்தியும் நிக்கும், அந்தாளும் தப்பும்.”

பிலேந்திரனிடம் திரும்பிப் போய் அதைச் சொன்னேன். அவர் உடனே தலையாட்டினார். “அப்பிடியே எழுதும். எல்லாருக்கும் நல்லது.”

இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்பிய இடம். என் ஆசிரியர் கேட்கிறார். செய்திக்குரியவரே கேட்கிறார். பொலிசிடமிருந்து ஒருவரைக் காப்பாற்றும் பொய். எழுதினால் ஊரே என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடும். அவ்வளவு பேரும் சேர்ந்து கேட்டதாலேயே எனக்கு அந்தப் பொய்யில் சந்தேகம் வந்தது. புனிதம் அக்காவின் பதிவேட்டில் பிலேந்திரனின் கையெழுத்து இருக்கிறது. பொலிசார் அதைத் திறந்து பார்க்க எத்தனை நேரம் ஆகும்? பார்த்தால், மறுத்தவன் என்ற பெயரோடு பொய்யன் என்ற பெயரும் அவருக்குச் சேரும். பார்க்காவிட்டால், ஒரு தவறும் செய்யாத ஒரு பெண்ணின் வேலை போகும். அதை அவரிடம் சொன்னேன்.

“அப்ப நான் சொன்னதை எழுதப் போறீரோ?” என்றார்.

“இல்லை. அது உங்கடை. நான் என்ர பிழையைத்தான் எழுதப் போறன்.”

ஆறே வசனம். ‘தந்தி அவருக்குக் கிடைத்தது. அவர் போகவில்லை. அதற்கான காரணம் அவருடைய சொந்த விடயம். எந்த அமைப்பும் அதில் சம்பந்தப்படவில்லை. தந்தி பற்றி அவரிடம் கேட்காமலே முந்திய செய்தியை எழுதியவன் இந்த நிருபர். தவறு என்னுடையது.’ இதைப் போடாவிட்டால் இனிச் செய்தி அனுப்பமாட்டேன் என்று சொல்ல வேண்டியிருந்தது. ஏழாம் பக்கத்தில், ஒரு மரண அறிவித்தலுக்குக் கீழே போட்டார்கள்.

முதற்பக்கத்தை வாசிக்காதவர்கள்கூட ஏழாம் பக்கத்தை வாசித்திருந்தார்கள். தேத்தண்ணீர்க் கடைக்குள் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. “கொழும்பில ஆரோ உம்மைப் பிடிச்சிட்டாங்கள், என்ன?” என்றார் நிஸார் நானா. சிரிக்கவில்லை. நான் எதைச் சொல்லி மறுப்பது? மறுக்க வேண்டுமானால் பிலேந்திரனின் கதையைச் சொல்ல வேண்டும். தேத்தண்ணீரைக் குடித்து, காசை வைத்துவிட்டு வந்தேன். அடுத்த இரண்டு வருடம் அந்தக் கடையில் என்னோடு யாரும் மனம்விட்டுப் பேசவில்லை. செய்தியாளனுக்கு அது சின்னத் தண்டனை அல்ல.

ஏழாம் பக்கம் வந்து மூன்றாம் நாள் காலை, பிலேந்திரன் என் வீட்டுப் படலையில் நின்றார். கையில் பயணப் பை, அதில் கட்டித் தொங்கவிட்ட பந்துவீச்சுச் சப்பாத்து.

“பொலிசுக்கு நீர் எழுதினது காணாது, தம்பி. நான் கொழும்பில போய் நிண்டால்தான் நம்புவாங்கள். எனக்கும் போக வேணும் போல கிடக்கு. ஆனால் தனிய ஏலாது. வாறீரோ?”

முருங்கன் தாண்டி மதவாச்சி வரை பஸ். அங்கிருந்து பகல் ரயில். பிலேந்திரன் யன்னல் ஓரம் இருந்தார். ஏறுகிறவர்களின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்க்கத் தொடங்கினேன். கூடை, குடை, சுருட்டிய பத்திரிகை. எல்லாமே எனக்கு வேறு எதுவோ போலத் தெரிந்தன. எதிரே நடுத்தர வயதுச் சிங்களவர் ஒருவர் இருந்தார். வெகுநேரம் எங்களைப் பார்த்துவிட்டு, நாங்கள் மெல்லக் கதைத்தது கேட்டிருக்க வேண்டும், பையைக் காட்டிச் சிங்களத்தில் மரியாதையாகக் கேட்டார்:

“மாத்தையா கிரிக்கெட் ஆடுகிறவரா? பெயர் என்ன?”

ரயில் வேகம் குறைந்துகொண்டிருந்தது. வெளியே, கலவரத்தில் ரயிலை மறித்த அந்த ஸ்டேஷனின் பெயர்ப்பலகை வந்தது. பிலேந்திரன் பலகையைப் பார்த்தார், அந்த மனிதரைப் பார்த்தார். பிறகு தன் முழுப் பெயரையும், தகப்பன் பெயரோடு சேர்த்து, மெதுவாகச் சொன்னார்.

அந்த மனிதர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்தார். இறங்கிப் போய்விட்டார்.

அவர் இறங்க வேண்டிய இடமே அதுதானா, இல்லை யாரையாவது கூட்டிவரப் போகிறாரா? ரயில் அங்கே நின்ற நேரம் முழுவதும் பிலேந்திரனின் கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. நாலு விரல் அடையாளமும் பிறகு சிவந்து கிடந்தது. விசில் ஊதியது. ரயில் நகர்ந்தது. யாரும் வரவில்லை. அந்த மனிதரை நினைத்து இன்றைக்கும் எனக்கு ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. நல்லவரென்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் எனக்குத் தெரியாது.

கொழும்பு மைதானத்தில் தெரிவுக்குழு உறுப்பினர் ஒருவர் தந்தியை வாங்கிப் பார்த்துவிட்டு, “பட்டியல் முடிந்துவிட்டதே” என்றார். “ஏன் அப்போது வரவில்லை?”

வழியெல்லாம் நான் பிலேந்திரனுக்காக மூன்று நான்கு காரணங்கள் யோசித்து வைத்திருந்தேன். அவர் எதையும் என்னிடம் கேட்கவில்லை. “பயமாக இருந்தது, சேர்” என்றார். “இந்தப் பாதையால் வரப் பயமாக இருந்தது.”

உறுப்பினர் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டார். பிறகு பந்தொன்றை எடுத்துக் கொடுத்தார்.

பிலேந்திரன் ஒரு மணித்தியாலம் வீசினார். அணியில் இருந்த துடுப்பாட்டக்காரர் ஒருவர் இரண்டு தரம் தடுமாறி, மூன்றாம் தரம் ஸ்டம்பைப் பறிகொடுத்தார். அந்த உறுப்பினர் குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று நான் போய்க் கேட்டேன். சிரித்துக்கொண்டு மூடிவிட்டார். தொடர் முடியும் வரை வலையில் பந்துவீச வரும்படி பிலேந்திரனுக்குச் சொன்னார்கள். அதைச் செய்தியாகப் போட்டோம். பொலிசார் பிறகு கச்சேரிக்கு வரவில்லை. அணிக்குள் அவரை எப்போதும் எடுக்கவுமில்லை.

முதலே போயிருந்தால் எடுத்திருப்பார்களா? நிஸார் நானா சாகும்வரை மாட்டார்கள் என்றே சொன்னார். அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். சந்தேகப்படாதீர்கள் என்று நான் உங்களுக்குச் சொல்ல வரவில்லை. இந்தத் தொழிலில் சந்தேகமில்லாதவன் அறிவித்தல் எழுதத்தான் லாயக்கு. எங்களுக்கு வசதியான சந்தேகம் வரும்போது அதையும் கொஞ்சம் சந்தேகியுங்கள் என்றுதான் சொல்கிறேன். உங்கள் ஆட்களின் முகத்துக்கு நேரே, சின்னக் கேள்வியை முதலில் கேளுங்கள். கிடைத்ததா? போனீர்களா? யார் பார்த்தது?

டெஸ்டின் முதல்நாள் காலை எங்கள் இருவருக்கும் உள்ளே இருக்க இடம் தந்தார்கள். அந்த மூன்றாவது வேகப்பந்து வீச்சாளர், பிலேந்திரனுக்குப் பதிலாக வந்தவர் என்று ஊர் சொன்ன அந்த இளைஞர், தன் முதல் ஓவரிலேயே ஒருவரின் நடு ஸ்டம்பைச் சாய்த்தார். மைதானமே எழும்பியது. பிலேந்திரனும் எழும்பிக் கை தட்டினார். நான் ஆட்டத்தை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். எங்காவது ஒரு நடிப்பு, ஒரு கசப்பு தெரிகிறதா என்று தேடினேன். அவர் திரும்பாமலே சொன்னார்:

“என்ர முகத்தில ஒண்டும் இல்லை, தம்பி. பந்தைப் பாரும். நல்லாப் போடுறான்.”